ஒரே வீட்டில் இரண்டு கிளினிக் கொப்பிகள்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று மாமியுடையது. மூலைகள் மடிந்து, உறை கிழிந்து, பழைய சேலைத் துண்டில் தைத்த பைக்குள் இருக்கும். மற்றது என்னுடையது. மாமிக்குச் சீனி வருத்தம் வந்து இருபது வருடத்துக்கு மேல். எனக்குக் கண்டுபிடித்தது இந்த வருடம், தைப்பொங்கல் முடிந்த கையோடு. செய்தியைச் சொன்னபோது மாமி பதறவில்லை. "சரி பிள்ளை, இனி வரிசையிலை எனக்கும் ஒரு துணை" என்றார். பகிடிக்குச் சொன்னாரா மெய்யாகவே சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். சுகாதாரப் பிரிவினர் ஒருநாள் வந்து ஆசிரியர்களுக்கு இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தார்கள். விரல்நுனி இரத்தத்தில் கூடுதலாகக் காட்டியதால் வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தால் 168. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சியில் 6.5, இவைதான் நீரிழிவின் எல்லைக்கோடுகள். இரண்டுமே தாண்டியிருந்ததால் வாதாட இடமில்லை. அதற்கு முந்திய வருடம் முழுக்க எனக்குத் தண்ணீர்த் தாகம் இருந்தது. யாழ்ப்பாணத்து வெக்கையில் தாகத்தை யார் வருத்தமென்று நினைப்பார்கள்? இரவில் இரண்டு தரம் எழும்புவதையும் வயது என்று வைத்துக்கொண்டோம். சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சீனி கூடியிருந்தது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது, அதோடு வீட்டில் அந்தப் பேச்சே போய்விட்டது. கர்ப்பகாலத்தில் சீனி வந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட, ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருதரம் இரத்தம் பார்க்க வேண்டும் என்பதை இந்த முறைதான் டொக்டர் சொல்லக் கேட்டேன். இதை வாசிக்கிறவர்களில் அப்படிப் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால், மற்றதெல்லாம் பிறகு, முதலில் போய் ஒருதரம் பாருங்கள்.

முதல் வாரம் முழுக்க வெளிநாட்டு ரெலிபோன்தான். தங்கை ரொறன்ரோவில். "எவ்வளவு அக்கா?" என்றாள். 168 என்றேன். அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. அவளுடைய சீனி பார்க்கும் மெஷினில் 7, 8 என்றுதான் வரும், நான் நூற்றைத் தாண்டிச் சொன்னதும் ஆள் பயந்துவிட்டாள். இங்கே மில்லிகிராமில் அளக்கிறோம், அங்கே மில்லிமோலில் அளக்கிறார்கள். எங்கள் எண்ணைப் பதினெட்டால் பிரித்தால் அவர்களுடைய எண் வரும். 168 என்பது அவளுக்கு 9.3. அண்ணா லண்டனில். அவர் தன்னுடைய எச்பிஏ1சி 52 என்றார். இப்போது பயப்படுவது என் முறை. பிறகு பார்த்தால் அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு வேறு அலகுக்குப் போய்விட்டார்கள். அவருடைய 52 எங்கள் கணக்கில் 6.9, என்னுடைய 8.1 அவருடைய கணக்கில் 65. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூன்று பேர், மூன்று நாடு, மூன்று அளவுகோல், வருத்தம் மட்டும் ஒன்று. அன்றிரவு ஒரு அட்டவணை போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். படிப்பித்த கணக்கு வீட்டுக்கு உதவியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தரம்.

எச்பிஏ1சி என்றால் என்ன என்று அண்ணாவுக்கே தெரிந்திருக்கவில்லை. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் செங்குருதிக் கலத்தின் ஈமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலம் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் பத்தியம் இருந்து டொக்டரைப் பேய்க்காட்ட முடியாது. மாமிக்கு இந்தப் பரிசோதனை பிடிக்காததற்குக் காரணம் அதுதான்.

மருந்து பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மெற்போமின் 500, சாப்பாட்டோடு. முதல் கிழமை வயிற்றைப் புரட்டியது, பிறகு பழகிவிட்டது. இரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தும் காலையில் சீனி ஏன் கூடியிருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. நாங்கள் நித்திரை கொள்ளும்போது ஈரல் தன் பாட்டில் குளுக்கோஸ் செய்து இரத்தத்தில் விடுகிறதாம். மெற்போமின் முக்கியமாக அந்த வேலையைத்தான் குறைக்கிறது. குளிசையைக் கொடுத்துவிட்டு டொக்டர் ஒரு கடதாசியில் வட்டம் கீறினார். அதுதான் சாப்பாட்டுக் கோப்பை. அரைவாசி மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்சக் கால்வாசி சோறு அல்லது மா. அந்த வட்டத்தைக் கொண்டுவந்து குசினிச் சுவரில் ஒட்டினேன். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் சாப்பாட்டை ஒருநாள் எழுதிப் பாருங்கள். காலையில் இடியப்பம் அல்லது பாண். மத்தியானம் சோறு. இரவு புட்டு. மூன்று நேரமும் மாச்சத்துத்தான் நடு நாயகம், மற்றதெல்லாம் அதை உள்ளே தள்ளுவதற்கு. கறி என்பதே தொட்டுக்கொள்ள. டொக்டருடைய வட்டத்தில் புட்டு ஓரத்துக்குப் போய்விட்டது, முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் நடுவுக்கு வந்துவிட்டன. அதைப் பரிமாறியபோது மாமி கோப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பாடு எங்கை?" என்று கேட்டார்.

மாமியை மாற்றியது என் பேச்சு இல்லை, மெஷின்தான். அவித்த கோதுமை மாப் புட்டை வாழைப்பழம் குழைத்துச் சாப்பிட்ட இரவில், இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் எனக்கு 240க்குக் கிட்டக் காட்டியது. அதே புட்டில் பாதியைச் சிவப்பரிசி மாவில் அவித்து, வறையும் மீன்குழம்பும் கூட வைத்துச் சாப்பிட்டால் 170ஐத் தாண்டவில்லை. சாப்பிட்ட பிறகு 180க்குள் நின்றால் போதும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாமி மெஷினை வாங்கித் தன் விரலையும் நீட்டினார். மெஷினில் செருகுகிற ஸ்ரிப் விற்கிற விலைக்கு இந்த ஆராய்ச்சியை நெடுக நடத்த முடியாது. ஆனால் தொடக்கத்தில் கொஞ்சக் காலம் எந்தச் சாப்பாடு தன் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு இடியப்பத்தைவிடப் பாண் மோசம். மாமிக்கு மறுவளம்.

குரக்கன், அதாவது கேழ்வரகு, பற்றியும் ஒரு வார்த்தை. குரக்கன் என்றால் சீனி ஏறாது என்று நினைத்து இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். குரக்கனும் மாச்சத்துத்தான். நார் கூட இருக்கிறது, நல்லது. ஆனால் மாவாய் அரைத்துப் புட்டவித்து மலைபோல் போட்டால் ஏறத்தான் செய்யும். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவுக்கும் இதே கதை. கூழில் மீனும் நண்டும் இறாலும் கீரையும் பயற்றங்காயும் நிறைந்து, ஒடியல் மா கொஞ்சமாய்க் கரைந்திருந்தால் அது டொக்டர் கீறிய வட்டத்துக்கு ரொம்ப தூரமில்லை. எங்கள் ஆட்கள் ஒரு கிண்ணத்தோடு நிற்பதில்லை என்பதுதான் சங்கடம்.

பனங்கட்டிச் சண்டை இன்னும் முடியவில்லை. வெறும் தேத்தண்ணீரும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் இல்லாமல் மாமிக்குப் பொழுது விடியாது. சீனிதான் கெடுதல், பனங்கட்டி மருந்து என்பது அவருடைய கட்சி. அவர் மட்டுமில்லை, யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான். கடையில்கூட "இது சீனி வருத்தக்காரருக்கு நல்லது" என்று சொல்லித்தான் தருகிறார்கள். பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்புகள் உண்டு, மணம் உண்டு, எங்கள் மண்ணின் பொருள் என்ற பெருமையும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், கரும்புச் சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். இரத்தத்துக்குப் பனையும் கரும்பும் தெரியாது. கல்லாக்காரத்துக்கும், அதாவது பனங்கற்கண்டுக்கும், இதே தீர்ப்பு. இதை நான் சொன்னால் மாமி பழைய கதையை எடுப்பார்: "அந்தக் காலத்திலை பனங்கட்டிதான் சாப்பிட்டனாங்கள், ஒருத்தருக்கும் சீனி வருத்தம் இல்லை."

அந்தக் காலம் என்று அவர் சொல்வது தொண்ணூறுகளை. பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, ஊரே சைக்கிளில் ஓடியது. எல்லாரும் மெலிந்துதான் இருந்தோம், நடந்தோம், உழக்கினோம், அது மெய். ஆனால் அதே வாயால், தன் ஐயாவின் இன்சுலினை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றிய கதையையும் சொல்வார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் மருந்தைச் சூட்டிலிருந்து காக்க வேறு வழி இருக்கவில்லை. மருந்து கிடைப்பதே பெரும்பாடு, பானை அதற்குப் பிறகுதான். ஒருத்தருக்கும் இல்லாத வருத்தத்துக்கு உங்கள் ஐயா ஏன் ஊசி போட்டார் என்று கேட்டால், "அது வேறை" என்பார். அப்போது எத்தனை பேருக்கு இருந்தது என்று யார் இரத்தம் பார்த்தார்கள்? அதைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

வீட்டுக்கு வெளியே பெரிய தலையிடி தேத்தண்ணீர். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே வரும், சீனி இரண்டு கரண்டியாவது இருக்கும். "சீனி போடாமல் தாங்கோ" என்று சொன்ன நிமிடமே கேள்வி வரும்: "ஏன், சீனி வருத்தமோ?" ஓம் என்றால் அடுத்த நாள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். சித்தி என்னைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொன்னார்: "வெளியிலை சொல்லித் திரியாதை. நாளைக்குப் பெட்டைக்குக் கலியாணம் பேச வேணும்." மகள் இப்போதுதான் உயர்தரம் படிக்கிறாள். தாய்க்குச் சீனி என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களாம். யோசிக்கிற வீட்டிலும் ஆளுக்கொரு கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். சித்தியின் கவலை பொய்யில்லை, பேச்சுக்கால்களில் இப்படி நடப்பதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பாடசாலையில் ஆசிரியர் ஓய்வறையில் பகிரங்கமாகவே சொன்னேன். அடுத்த கிழமைக்குள் ஒவ்வொருவராக வந்து, குரலைத் தாழ்த்தி, தானும் குளிசை போடுவதாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே மதியச் சாப்பாட்டுக்கு முதல் "கை கழுவ" என்று போகிறவர். இன்சுலின் ஊசி போடத்தான் போயிருக்கிறார். இப்போது ஓய்வறையில் தேத்தண்ணீர் வேறு, சீனிப் போத்தல் வேறு. விரும்பியவர் போட்டுக்கொள்ளலாம்.

நடக்கவும் சொன்னார்கள், கிழமைக்கு 150 நிமிடம். எங்கள் ஊர் கொக்குவிலில் ஒரு பெண் காரணமில்லாமல் நடப்பது என்பது லேசான காரியமில்லை. முதல் நாள் பின்னேரம் ரயில் பாதைப் பக்க ஒழுங்கையால் நடந்தேன். ஒவ்வொரு படலையிலும் ஒரு முகம். "எங்கை ரீச்சர், நடந்து போறியள்?" "சும்மா, நடக்கிறன்." "ஸ்கூட்டி பழுதோ?" சந்திக்குள் போவதற்குள் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ ரீச்சர், கொண்டுபோய் விடுறன்" என்றான். வேண்டாம் என்றால் ஆளுக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் வேறொருவர். இரக்கத்தாலேயே ஒரு மனுசியை நடக்கவிடாமல் செய்யும் ஊர் இது. நாய்கள் தனிக்கதை. இப்போது ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். கையில் ஒரு அர்ச்சனைத் தட்டுப் பையைப் பிடித்துக்கொள்வேன், கோயிலுக்கு என்று நினைத்து யாரும் மறிப்பதில்லை. சில நாட்கள் உண்மையாகவே மஞ்சவனப்பதி முருகனிடம்தான் போய்வருவேன்.

கால் பரிசோதனையில்தான் எனக்கும் மாமிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் இழை ஒன்றால் பாதத்தில் இடத்துக்கிடம் தொட்டுத் தாதி கேட்டார். நான் எல்லா இடத்திலும் உணர்ந்தேன். மாமிக்குப் பெருவிரலிலும் முன்பாதத்திலும் தெரியவேயில்லை. தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், மாமி "இன்னும் தொடங்கேல்லையோ?" என்கிறார். சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் நரம்பு செத்துப்போகும். முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும், புண் ஆறாமல் போனால் விரலை எடுக்கும் அளவுக்குப் போகும். ஆகவே வெறுங்காலோடு திரியக்கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் செருப்பா! சாமியறை இருக்கிற வீட்டில்! மாமி இரண்டு கிழமை மறுத்தார். கடைசியில் புதுச் செருப்பு ஒன்று வாங்கி, அது வாசற்படியைத் தாண்டாது என்று சத்தியம் பண்ணி, சாமியறைக்கு மட்டும் துணியில் தைத்த தடித்த சப்பாத்து ஒன்றும் செய்து கொடுத்தேன்.

ஆவணியில் நல்லூர் வந்தது. இருபத்தைந்து நாள் திருவிழா, சுற்றுவீதி முழுக்க மணல், எல்லாரும் வெறுங்கால். மாமி இளமையில் அடியழித்தவர். இப்போதும் தேருக்குப் போகாமல் இருந்தால் அவருக்கு அந்த வருடம் நடக்கவில்லை. டொக்டர் சொல்வது சரி, மாமி சொல்வதும் எனக்கு விளங்குகிறது. மத்தியானம் அந்த மணலில் நல்ல கால் உள்ளவர்களே துள்ளித் துள்ளித்தான் நடக்கிறார்கள், சூடு தெரியாத கால் துள்ளாது. நாங்கள் செய்தது இதுதான்: மணல் சூடேறுமுன் விடியப்புறத்திலேயே போய்க் கும்பிட்டுவிட்டு வருவது, வீதியோரம் வரை செருப்பு, திரும்பி வந்ததும் இரண்டு காலையும் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்பட ரெலிபோன் வெளிச்சத்தில் பார்ப்பது. "என்ரை காலைத் தொடாதை பிள்ளை" என்று தினமும் கூச்சப்படுவார். ஒருநாள் குதிக்காலில் கச்சான் கோது ஒன்று ஏறி நின்றது. அவருக்குத் தெரியவேயில்லை. அதற்குப் பிறகு கூச்சப்படவில்லை, தானாகவே காலை நீட்டுகிறார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி. ஆறு நாளும் சிலர் இளநீர் மட்டும், சிலர் பாலும் பழமும், சிலர் ஒருபொழுது. மாமி பாலும் பழமும். நான் போடும் மெற்போமின் மட்டும் என்றால் சீனி அளவுக்கு மீறி விழுவது அரிது. மாமி போடுவதோ கிளிக்கிளசைட்டும் சேர்த்து. அது சதையியை, அதாவது கணையத்தை, தூண்டி இன்சுலினை விடச்செய்யும், ஆள் சாப்பிட்டிருக்கிறாரா இல்லையா என்று பார்க்காது. குளிசையைக் குறைக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று நான் சொல்ல, முருகன் பார்ப்பான் என்று அவர் சொல்ல, மூன்றாம் நாள் காலை வழக்கமான குளிசையை முழுசாகப் போட்டுவிட்டுப் பூப்பிடுங்கப் போய்விட்டார். பத்து மணிபோல் திண்ணையில் இருந்தபடி என்னை இறந்துபோன தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். விரலில் குத்தினால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 81. பிறகு இரண்டு வாழைப்பழமும் ஒரு கிளாஸ் பாலும். நல்லகாலம் விழுங்கும் நிலையில் இருந்தார். நினைவில்லாத ஆளின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

தெளிந்ததும் மாமியின் முதல் கேள்வி: "விரதம் முறிஞ்சுதோ?" மருந்தாகக் குடித்தது சாப்பாடில்லை என்று நான் சொன்னேன். ஒரு கணிதம் ரீச்சருக்கு அந்தத் தீர்ப்பைச் சொல்ல என்ன அதிகாரம் என்று கேட்காதீர்கள். சூரன்போர் வரை மிச்ச நாட்களுக்கு டொக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்துப் போட்டார், நேரத்துக்குப் பாலும் பழமும் எடுத்தார்.

இப்போது பெருங்கதை வருகிறது. பிள்ளையாருக்கு இருபத்தொரு நாள் விரதம். இந்த மாதக் கிளினிக்குக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது மாமியின் சேலைப் பைக்குள் கொப்பியோடு வாக்கிய பஞ்சாங்கமும் இருந்தது. எனக்கு எச்பிஏ1சி 6.8 என்று டொக்டர் சொல்லி முடிப்பதற்குள் அவர் பஞ்சாங்கத்தை மேசையில் விரித்துவிட்டார். இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை ஒருபொழுது, மத்தியானம் மட்டும் சாப்பாடு, இந்த நாளுக்கு எது, எத்தனை என்று எழுதித் தாங்கோ என்றார். டொக்டர் ஒருபொழுது வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் பேரம் பேசினார்கள். காலையிலும் இரவிலும் பாலும் பழமும், கிளிக்கிளசைட் மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும், அதுவும் பாதி, நாளுக்கு ஒருதரம் விரலில் குத்திப் பார்ப்பது, எழுபதுக்குக் கீழே போனால் அன்றோடு விரதம் நிறுத்தம். மாமி கடைசி நிபந்தனைக்கு மட்டும் தலையாட்டவில்லை. டொக்டர் அதைக் கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டு, கொப்பியை மாமியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.